கட்டைவிரலில் ஒரு எலுமிச்சம்பழம்

கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பீரோவை யாரும் மெதுவாகச் சாத்துவதில்லை. என் மனைவியும் சாத்தவில்லை. உள்ளே என் வலது கட்டைவிரல் இருந்த விஷயம் முதலில் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு விநாடியில் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"அங்க எதுக்குங்க விரலை வச்சீங்க?" என்றாள். நியாயமான கேள்விதான்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நகம் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. பெரியம்மா பார்த்தார். வரவேற்பில் வாங்கிய எலுமிச்சம்பழம் அவர் பையில் தயாராக இருந்தது. அதில் குடைந்து, என் விரலில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டார். "பெரியம்மா, அது நகச்சுத்துக்குப் போடறது. இது அடிபட்டது" என்றேன். "எல்லாம் நகம்தானேடா?" என்றார். அதற்கு மேல் என்ன பேச? மேடையில் மணமக்களோடு நின்றபோது புகைப்படக்காரர், "சார், கையைக் கீழ இறக்குங்க" என்று மூன்று முறை கெஞ்சினார். இறக்கினால் விண்விண் என்று தெறித்தது. ஆல்பத்தில் நான் மட்டும் மஞ்சள் கட்டைவிரலைத் தூக்கி, "சூப்பர் கல்யாணம்" என்று சொல்வதுபோல நிற்கிறேன்.

ராத்திரி தூக்கம் போனதும் பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓடினேன். நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறதாம். மேலே நகம் கல் மாதிரி விட்டுக்கொடுக்காது, கீழே எலும்பு. நடுவில் மாட்டிய ரத்தம் போக வழியில்லாமல் அழுத்துவதுதான் அந்தத் தெறிப்பு. ஒரு ஊசியை எடுத்து நகத்தின் மேல் வைத்துத் திருகத் தொடங்கினார். சுவரில் கடிகாரம் மாட்ட ஓட்டை போடுவார்களே, அதே பாவனை. நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். "நகத்துக்கு நரம்பே கிடையாது சார். முடி, மாட்டுக்கொம்பு எல்லாம் எதால ஆச்சோ அதே கெரட்டின். வலியெல்லாம் அடியில இருக்கற சதைக்குத்தான்" என்றார். நம்பாமல்தான் இருந்தேன். ஒரு சொட்டு கறுப்பு ரத்தம் எட்டிப் பார்த்தது, வலி பாதியாகக் குறைந்தது. நகமும் சதையும் போல என்கிறோமே, கஷ்டம் முழுவதையும் சதைதான் படுகிறது.

மூன்றாவது வாரம் தலை துவட்டும்போது நகம் துண்டோடு போயே போய்விட்டது.

அதற்கப்புறம்தான் அதன் அருமை தெரிந்தது. சாவி வளையத்தைப் பிரிக்க முடியவில்லை. செல்லோடேப்பின் முனை எங்கே என்று தடவினால் தெரியவில்லை. தரையில் விழுந்த ஒரு ரூபாயை அஞ்சு நிமிஷம் துரத்திவிட்டு, அதைத் தரைக்கே விட்டுவிட்டேன். சட்டைப் பொத்தானை அழுத்தினால் விரல்நுனி மாவு உருண்டைபோல மேலே பிதுங்கியது. நுனிச் சதைக்குப் பின்னால் நின்று தாங்கிப் பிடிப்பது நகம்தான். அந்த முட்டு இருப்பதால்தான் தொடுவதும் பிடிப்பதும் துல்லியமாக இருக்கிறது. பூனைக்கு இருப்பது கூர்நகம், பிராண்டலாம். பூண்டு உரிக்க வேண்டுமென்றால் குரங்குக்கும் நமக்கும் இருப்பதுபோலத் தட்டை நகம் வேண்டும்.

பூண்டு என்று சொன்னேன் இல்லையா? அதில்தான் ஒரு வசதியும் கிடைத்தது. சின்ன வெங்காயம், பூண்டு, பலாக்கொட்டை எதை நீட்டினாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன். முறம் தானாகப் பின்வாங்கிவிடும்.

"எப்பப்பா முளைக்கும்?" என்று மகள் கைபேசியில் தேடினாள். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளருமாம். முழுசாக வர நாலு முதல் ஆறு மாதம். கால் நகமாக இருந்தால் ஒரு வருஷத்துக்கும் மேல். உற்பத்தி எல்லாம் தோலுக்குள் ஒளிந்திருக்கிற நகவேரில். அடியில் தெரிகிற வெள்ளைப் பிறை அதன் முன்பக்கம்தானாம். வில்லியம் பீன் என்ற அமெரிக்க டாக்டர் தன் கட்டைவிரல் நகத்தில் மாதாமாதம் கோடு போட்டு, 35 வருஷம் வளர்ச்சியை அளந்திருக்கிறார். 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 ஆகக் குறைந்ததாம். "நீங்களும் அளங்கப்பா" என்று ஸ்கேலைக் கொடுத்தாள். நாலு நாள் அளந்தேன். அஞ்சாவது நாள் ஸ்கேல் காணாமல் போனது. நான் தேடவில்லை.

அஞ்சரை மாதத்தில் நகம் வந்துவிட்டது, கொஞ்சம் வரிவரியாக. வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓட்டினேன்.

ஒரு ஞாயிறு காலை, குளித்துவிட்டு வந்த ஈரத்தில் பிளாஸ்திரி நழுவி விழுந்தது. நகத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. சின்ன வயதில் கொக்குக் கூட்டம் பறந்தால் நகங்களை உரசிக்கொண்டு "கொக்கே கொக்கே பூப்போடு" என்று கத்துவோம், புள்ளி விழுந்தால் கொக்கு போட்ட பூ. அந்த ஞாபகத்தில் வாய்தவறி, "ஏய், கொக்கு பூப்போட்டிருக்கு பாரேன்" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"கால்சியம் கம்மி" என்றாள் மனைவி. "இல்லம்மா, வேர்ல லேசா அடிபட்டாத்தான் பெரும்பாலும் இப்படி வருமாம்" என்றாள் மகள். ரெண்டு பேரும் சேர்ந்து என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் மனைவி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

முறத்தில் சின்ன வெங்காயம் ஒரு கிலோ இருந்தது.