ஆளெடுப்பில் இனப் பன்மை: பொறியியல் அலுவலகத்தில் செய்து பார்த்தவை

"மற்ற இனத்தவரிடமிருந்து விண்ணப்பமே வருவதில்லையே" என்றுதான் முதல் கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தபோது விண்ணப்பங்கள் வந்திருந்தன. பாதி வழியில் நின்றுபோயிருந்தன. அதனால் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும் முன் எண்ணிக்கையை எடுங்கள்.

விண்ணப்பம், முதல் வடிகட்டல், முதல் நேர்காணல், இறுதி நேர்காணல், பணி ஆணை, வேலையில் சேர்ந்தது என்று ஆறு வரிசை போட்டு, ஒவ்வொன்றிலும் எந்தக் குழுவில் எத்தனை பேர் நுழைந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று எழுத வேண்டும். அமெரிக்காவில் 1978-இல் அரசு வழிகாட்டுதலாக வந்த 'ஐந்தில் நான்கு' விதி இதற்கு நல்ல அளவுகோல்: ஒரு குழுவின் தேர்ச்சி வீதம், அதிகம் தேறிய குழுவின் வீதத்தில் ஐந்தில் நான்குக்கு, அதாவது 80 சதவீதத்துக்கு, கீழே போகக் கூடாது. உதாரணத்துக்கு, ஒரு குழுவில் 200 பேரில் 80 பேர் தேறினால் 40 சதவீதம். இன்னொரு குழுவில் 60 பேரில் 15 பேர் என்றால் 25 சதவீதம். 25-ஐ 40-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். இது 80-க்குக் கீழே இருப்பதால் அந்தக் கட்டத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஆட்கள் குறைவாக இருந்தால் ஒரே ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு புரண்டுவிடும். மூன்று வருடக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

இனம் பற்றிய கேள்வியை விண்ணப்பத்திலேயே வைத்தது எங்கள் முதல் தவறு. பலர் வெற்றாக விட்டார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. தனிப் படிவம், 'சொல்ல விருப்பமில்லை' என்ற கட்டம், தேர்வுக் குழு இதைப் பார்க்காது என்ற ஒரு வரி ஆகிய மூன்றையும் வைத்த பிறகுதான் பதில்கள் வந்தன.

அடுத்தது பெயரை மறைப்பது. பாஸ்டனிலும் சிகாகோவிலும் கிட்டத்தட்ட 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. தகுதி ஒன்றாக இருந்தும், கறுப்பினத்தவர் பெயர் போலிருந்தவற்றைவிட வெள்ளையர் பெயர் போலிருந்தவற்றுக்கு 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. மறைப்பது சுலபம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். பிடிஎஃப்பில் பெயர் மேல் கறுப்புப் பட்டை போட்டோம். அந்த இடத்தைக் காப்பி செய்து ஒட்டினால் பெயர் அப்படியே வந்து விழுந்தது. கோப்பின் பெயரிலும் மின்னஞ்சல் முகவரியிலும் ஆளின் பெயர் இருந்தது. கடைசியில், தேர்வுக் குழுவில் இல்லாத ஒருவர் திறமை, செய்த வேலை, பட்டம் மூன்றை மட்டும் புதிய தாளில் பெயர்த்து எழுதினார். ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். வெளிநாட்டுப் பட்டத்தைப் பார்த்ததும் ஒதுக்கிவிடாமல், அந்தப் படிப்பு வாஷிங்டன் ஒப்பந்தத்தின் (பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஏற்பாடு) கீழ் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். 1989-இல் தொடங்கிய இந்த ஒப்பந்தத்தில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினரானது. ஆனால் கல்லூரியின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி.

உண்மையான அடைப்பு நேர்காணலில்தான். 'நம்ம டீமுக்குச் செட் ஆவாரா' என்ற கேள்வியைத் தூக்க வேண்டும். என்னைப் போல் பேசுகிறாரா என்பதுதான் அதன் பொருள். எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. மதிப்பெண்ணுக்கான அளவை நேர்காணலுக்கு முன்பே எழுதிவிட வேண்டும். ஒரு கேள்வி: "ஒரு பம்பின் பேரிங் வருடத்தில் மூன்று முறை போயிற்று, என்ன செய்வீர்கள்?" புதிய பேரிங் மாற்றுவேன் என்றால் 1. அலைன்மென்ட் (பம்பின் தண்டும் மோட்டாரின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது), கிரீஸ் பற்றிக் கேட்டால் 3. அதிர்வுப் பதிவைக் கேட்டு, குழாய் பம்பை இழுக்கிறதா, கேவிட்டேஷன் (பம்புக்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகி உடைவது) இருக்கிறதா என்றும் போனால் 5. குழுவினர் பேசிக்கொள்ளும் முன் ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் மூத்தவர் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவார்கள்.

'தகவல்தொடர்புத் திறன்' என்ற கட்டம் சத்தமில்லாமல் உச்சரிப்புக்கான மதிப்பெண்ணாகியிருந்தது. அதற்குப் பதில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, அதை ஃபிட்டருக்கு விளக்கச் சொன்னோம். கேட்டவர் வேலையைச் சரியாகத் திருப்பிச் சொன்னால் மதிப்பெண் உண்டு.

ஒதுக்கீடு வைக்கலாமா என்று நிச்சயம் கேட்பார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தின் 159-ஆவது பிரிவு, இருவர் சமத் தகுதியில் இருந்தால் மட்டும் குறைவாக உள்ள குழுவைச் சேர்ந்தவரைத் தேர்ந்தெடுக்க இடம் தருகிறது. மதிப்பெண் தாள் இல்லாமல் 'சமத் தகுதி' என்று வாதிட முடியாது.

சேர்ந்த பிறகும் கணக்கு உண்டு. கமிஷனிங் (புதிய இயந்திரத்தைச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவருவது) யாருக்கு, வாடிக்கையாளர் கூட்டம் யாருக்கு, பழைய வரைபடத்தைத் திருத்தும் வேலை யாருக்கு என்று காலாண்டுக்கு ஒருமுறை எழுதிப் பாருங்கள். பட்டயப் பொறியாளர் (டிப்ளமோ அல்ல, 'சார்ட்டர்ட் இன்ஜினியர்') தகுதிக்குத் தானே பொறுப்பேற்றுச் செய்த வேலையைக் காட்டியாக வேண்டும். மூன்று வருடம் வரைபடம் மட்டும் திருத்தியவர் எதைக் காட்டுவார்?

சைட் சாமான்களை யாரும் யோசிப்பதில்லை. முகத்தோடு இறுக ஒட்டும் சுவாச முகமூடி தாடி மேல் உட்காராது, ஓரத்தில் காற்று கசியும். தாடியை மழிக்கச் சொல்வதற்குப் பதில், மின்விசிறியால் காற்றூட்டும் தளர்வான ஹூட் வாங்கலாம். தலைமறைப்பு அணிபவருக்குத் தொங்கும் நுனியில்லாத, எளிதில் தீப்பிடிக்காத துணியில் ஒன்று வேண்டும். ஹெல்மெட் வார்ப்பட்டையின் நீளத்தைத் தலைமறைப்பு அணிந்த நிலையில் சரிபாருங்கள். இவற்றையெல்லாம் பணி ஆணையுடன் போகும் அளவுப் படிவத்திலேயே எல்லோரிடமும் கேட்டுவிட்டால், சேரும் நாளன்று யாரும் இரவல் ஹெல்மெட்டோடு வாசலில் நிற்க வேண்டியதில்லை.