அம்மா மாம்பலத்தில் இறங்கக் காத்திருந்த இரவுகள்

இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த அன்றிரவு, என் அம்மா போர்வையின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி, இல்லாத நாரில் இல்லாத மல்லிகையைத் தொடுத்துக்கொண்டிருந்தார். நடுநிசி தாண்டியதும் என்னைத் தன் அண்ணனாக எண்ணி, "அண்ணா, மாம்பலம் வந்துடுச்சா, இறங்கணும்" என்று எழப் பார்த்தார்.

"மயக்க மருந்து இன்னும் இறங்கலை, காலையில சரியாயிடும்" என்றார் டியூட்டி டாக்டர். ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவோ ஒரே சொல்லில் "ஜன்னி" என்றார். மருத்துவத்தில் டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பத்துக்குப் பெரியம்மாவின் சொல்தான் நெருக்கமானது. அம்மாவுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். முழு மயக்கத்தைத் தவிர்த்தால் இந்தக் குழப்பம் குறையும் என்ற நம்பிக்கையை, அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1,600 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான ரீகெய்ன் ஆய்வு ஆதரிக்கவில்லை. இரு முறைகளிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது வந்திருந்தது. வலி, தூக்கமின்மை, சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவது, தூக்க மாத்திரை, அறுவையால் உடலெங்கும் எழும் அழற்சி என்று பலவும் ஏற்கெனவே தளர்ந்த மூளையின்மேல் சேர்ந்து விழுகின்றன. (பிதற்றாமல் சுருண்டு கிடப்பவர்களுக்கும் இதுவே வந்திருக்கலாம், அவர்களை 'நன்றாகத் தூங்குகிறார்' என்று விட்டுவிடுகிறோம்.)

எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. தியேட்டருக்குள் போகுமுன் நர்ஸ் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்த மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் மூன்றாம் நாள் வரை என் பையிலேயே கிடந்தன. அமெரிக்க முதியோர் மருத்துவர் ஷரன் இனோயே குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பொது மருத்துவ வார்டுகளில் இருந்த 852 முதியவர்களில் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கு டெலிரியம் வந்தது. கண்ணாடி, காது மெஷின், போதிய தண்ணீர், இரவுத் தூக்கம், சற்று நடை, நாள் கிழமை சொல்லிப் பேச்சுக் கொடுத்தல் ஆகியவற்றைத் தவறாமல் பெற்றவர்களிடம் அது 9.9 சதவீதமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை கண்ணாடியை மாட்டிவிட்டபோது அம்மா என்னைக் கூர்ந்து பார்த்து, "ஏன்டா ஷேவ் பண்ணலை?" என்றார். அது கண்ணாடியாலா, நாளானதாலா என்று எனக்குத் தெரியாது.

'சரியாயிடும்' என்பதில் பாதிதான் உண்மை என்று எனக்குப் படுகிறது. பாஸ்டனில் 70 வயதைக் கடந்த, மறதி நோய் இல்லாத 560 பேரை அறுவைக்குப் பின் ஆறு ஆண்டுகள் வரை தொடர்ந்து சோதித்து 2023-இல் வெளியான ஆய்வில், டெலிரியம் கண்டவர்களின் அறிவாற்றல் மற்றவர்களைவிட 40 சதவீதம் வேகமாகத் தேய்ந்திருந்தது. டெலிரியமே மூளையைச் சிதைக்கிறதா, உள்ளே தொடங்கிவிட்ட தேய்வைத்தான் அது முன்கூட்டிக் காட்டுகிறதா என்பதை இத்தகைய ஆய்வு தீர்த்துச் சொல்லாது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. அம்மா பூத் தொடுக்கிறார், சீரியலின் கதையைச் சொல்கிறார், கேஸை அணைத்தோமா என்று இரண்டு முறை கேட்கிறார். அறுவைக்கு முன் இசிஜி, எக்கோ, சர்க்கரை எல்லாம் பார்த்தவர்கள், ஐந்து நிமிடம் உட்காரவைத்து அவருடைய ஞாபகத்தைச் சோதிக்கவில்லை; நானும் கேட்கவில்லை. அதனால் அந்த இரண்டாவது கேள்வி முன்பே இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை.