வள்ளிக்கு இன்னிக்கு நைட்டும் கல்யாணம்

முழுப்பரீட்சை லீவு விட்டதும் புள்ளைங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு அம்மாச்சி ஊருக்குப் போயிட்டேன். சிவகங்கை மாவட்டத்துல உள்ளடங்குன ஊரு. அம்மன் கோயில் திருவிழா, கடைசி நாள் ராத்திரி கலையரங்கத்துல வள்ளி திருமணம் நாடகம், எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து இதே நாடகம்தான், அம்மாச்சிக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்தும் இதேதானாம். கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டு பாதிப் பேருக்கு மனப்பாடம், ஆனாலும் பொழுது சாயும்போதே பாயும் சாக்கும் கொண்டுபோய் விரிச்சு இடம் போட்டுருவாங்க.

சின்னவளுக்கு ஆறு வயசு. அவளுக்கு இதுதான் முதல் நாடகம். சாமிக்கும் வள்ளிக்கும் கல்யாணம் நடக்கும்னு அம்மாச்சி சொல்லி வச்சதுல இருந்து ஒரே பரபரப்பு, பட்டுப்பாவாடைதான் போடுவேன்னு அடம் புடிச்சு போட்டுக்கிட்டா, கல்யாணத்துக்குப் போறோம்ல.

ஒம்பது மணி போல மாமா (விழா கமிட்டில இருக்காரு) எங்கள மேடைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனார். பின்னாடின்னா பக்கத்துல இருக்க பள்ளிக்கூட வராண்டா, அதுல ஒரு வேட்டியக் கட்டி மறைச்சிருந்தாங்க. வள்ளி வேஷம் போடுற அக்கா கீழ உக்காந்து, ஜன்னல் கம்பில ஒரு சின்ன கண்ணாடிய சாத்தி வச்சுக்கிட்டு, தனக்குத்தானே மேக்கப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. உதட்டுல நாலஞ்சு ஊக்க கவ்விக்கிட்டே தலைல சவுரி வச்சு பூவ சுத்துறாங்க, ஒவ்வொரு ஊக்கா எடுத்துக் குத்துறாங்க, கண்ணாடியக்கூட பாக்கல, கைக்கே எல்லாம் தெரியுது. பாப்பா வாயப் பொளந்து பாத்துட்டு நின்னா. அவங்க திரும்பிப் பாத்து, ஊக்க எடுத்துட்டு, "கல்யாணத்துக்கு வந்தீகளா? முழிச்சிருக்கணும், என்ன?"ன்னாங்க. சரின்னு தலையாட்டுனா.

அவளால முழிச்சிருக்க முடியல. அதுக்கு அவ பொறுப்பில்ல, அதப் பத்தி சொல்லத்தான் இந்தப் பதிவே.

பத்து மணிக்கு மேல ஆர்மோனியக்காரர் சாமி பாட்டு பாடி ஆரம்பிச்சாரு. அப்புறம் பபூன் வந்தாரு, பேசுனாரு, டான்ஸ் அக்கா வந்தாங்க, ரெண்டு பேரும் ஒண்ணா பாடி ஆடி சிரிக்க வச்சாங்க, கூட்டம் நல்லா ரசிச்சுது, நானும்தான். பபூன் வேஷம் லேசான வேலை இல்ல, தூங்க வந்த கூட்டத்த தனியாளா நின்னு எழுப்பி உக்கார வைக்கணும். ஆனா முன்னாடி நின்ன பயலுக சினிமா பாட்டு கேட்டு விசில் அடிக்க அடிக்க அது இழுத்துக்கிட்டே போயி, கதைக்குள்ள நுழையும்போது மணி ஒண்ணு ஆகிப்போச்சு. பாப்பா பன்னெண்டுக்கே என் மடில சாஞ்சுட்டா. விசிலடிச்ச பயலுகளும் டான்ஸ் முடிஞ்சதும் எந்திரிச்சு போயிட்டாய்ங்க.

பெரியவன் முழிச்சிருந்தான், பத்து வயசு. ரெண்டு மணி போல திடீர்னு கேக்குறான், "அம்மா, இவங்க எத்தன நாள் ரிகர்சல் பண்ணிருப்பாங்க?" ஸ்கூல் ஆண்டு விழாவுல பத்து நிமிஷ டான்ஸுக்கு ஒன்றரை மாசம் ரிகர்சல் பண்ணவன் அவன். ஒரு நாள்கூட இல்லடான்னேன். நம்பவே இல்ல. மாமா குடுத்த நாடக நோட்டீஸ எடுத்து செல்போன் வெளிச்சத்துல காட்டுனேன். ஒவ்வொருத்தர் போட்டோவுக்கும் கீழ பேரு, ஊரு. முருகன் புதுக்கோட்டை, வள்ளி மதுரை, நாரதர் காரைக்குடி, பபூன் திண்டுக்கல், ஆர்மோனியம் மானாமதுரை. எல்லாரும் சாயங்காலம் தனித்தனி பஸ்ல வந்து இறங்குனவங்க. இன்னிக்கு நாரதரும் வள்ளியும் ஒரே மேடைல நிக்கிறதே முதல் தடவையாம், மாமா சொன்னாரு. இதுக்கு ஸ்பெஷல் நாடகம்னு பேரே அதனாலதான், கம்பெனின்னு ஒண்ணு கிடையாது, அந்த ஒரு ராத்திரிக்குன்னு ஆள் சேர்த்துப் போடுறது.

அப்ப எப்படிம்மா மறக்காம மாத்தி மாத்தி பாடுறாங்கன்னான். அதுக்கு பதில் சொல்லணும்னா சங்கரதாஸ் சுவாமிகள் கிட்ட போகணும். 1867ல தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டில பொறந்தவரு, 1922ல பாண்டிச்சேரில காலமானார், நாடக உலகத்துக்கே தலைமை ஆசிரியர்னு அவரச் சொல்லுவாங்க. 1918ல மதுரைல தத்துவ மீனலோசனி வித்துவ பால சபான்னு பையன்கள மட்டும் வச்சு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாரு, பின்னாடி பெரிய நாடக நடிகரான டி.கே.சண்முகம் ஆறு வயசுல அதுல சேர்ந்தவர்தான். சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்த ஒரே ராத்திரில உக்காந்து எழுதி முடிச்சத சண்முகம் தன்னோட வாழ்க்கைக் கதைல சொல்லியிருக்கார். வள்ளி திருமணம் கதை சுவாமிகளுக்கு முன்னாடியே காலங்காலமா இருக்கு, நற்றிணைல ஒரு பாட்டுல முருகனும் வள்ளியும் வர்றாங்க, கந்தபுராணமே வள்ளி கல்யாணத்துலதான் முடியுது. அத மேடைக்கு பாட்டும் வசனமுமா கட்டிக் குடுத்தது சுவாமிகள். இன்னிக்கு எந்த ஊர்ல இருந்து எந்த ஆர்ட்டிஸ்ட் வந்தாலும் ஒரு வாத்தியார் கிட்ட உக்காந்து அந்தப் பாடத்தப் படிச்சுட்டுதான் வந்திருப்பாங்க, அதனால முன்னப்பின்ன பாக்காத ரெண்டு பேரு நடுராத்திரில மேடைல சந்திச்சாலும் ஒருத்தர் எடுக்குற அடிய இன்னொருத்தர் முடிச்சு வைக்க முடியுது.

இத்தனைக்கும் பாடம் மட்டும் போதாது. எங்களுக்கு ஆர்மோனியத்துக்கு நேரா கீழ இடம் கிடைச்சிருந்துச்சு, அதனால அவர நல்லா பாக்க முடிஞ்சுது. பாதத்தால மிதிச்சு காத்தடிக்கிற பெட்டி, ரெண்டு கையும் கட்டைமேல. கண்ணு மட்டும் எப்பவும் ஆர்ட்டிஸ்ட் தொண்டை மேலயே. முருகன் வேஷக்காரரு முதல் பாட்டு எடுக்குறப்ப சுருதி கொஞ்சம் எட்டல, முகத்துல ஒண்ணும் காட்டாம அடுத்த வரிக்குள்ள அரைக்கட்டை இறக்கிக் குடுத்துட்டாரு, மிருதங்கக்காரர் ஒரே ஒரு தடவ நிமிந்து பாத்துட்டு சட்டுனு இழுத்துப் புடிச்சுக்கிட்டாரு, ஆல்ரவுண்ட் (டிரம், சிம்பள் மாதிரி தாள வாத்தியம் எல்லாம் ஒருத்தரே வாசிக்கிறது) வாசிக்கிற பையன் சிம்பள்ல ஒரு தட்டு தட்டி அந்த இடத்தயே மூடிட்டான். கீழ உக்காந்திருந்தவங்கள்ல எத்தன பேருக்கு அது தெரிஞ்சிருக்கும். எம்மவன் கவனிச்சுட்டான், ரிகர்சல் இல்லாம இப்படியான்னு என் கையப் புடிச்சு அமுக்குனான். எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

அதுக்கப்புறம் தர்க்கம். வள்ளி திருமணம் பாக்கப் போறவங்க இதுக்குத்தான் போறாங்க. தினைப்புனத்துல பரண் மேல வள்ளி கவணோட நின்னு ஆலோலம் பாடி குருவி விரட்டிக்கிட்டு இருக்கும்போது நாரதர் வருவாரு, வந்து வாயக் குடுப்பாரு. இந்த இடத்துல புக்குல இருக்க வசனம் கொஞ்சந்தான், மத்ததெல்லாம் அந்தந்த நேரத்து சொந்தச் சரக்கு. குறள எடுத்து வீசுவாங்க, சித்தர் பாட்ட எடுத்து வீசுவாங்க, விடுகதை போடுவாங்க, பதில் சொல்லத் தெரியலன்னா ஊரே பாத்துக்கிட்டு இருக்கும். அன்னிக்கு நாரதர் கேட்டாரு, "தினைக்கு காவல் நீ, உனக்கு காவல் யாரம்மா?" வள்ளி பட்டுனு சொன்னாங்க, "சாமி, தினைக்கு வர்ற குருவிக்கு கவண்கல்லு வச்சிருக்கேன், என்னைத் தேடி வர்றவுகளுக்கு தமிழ் வச்சிருக்கேன், உங்களுக்கு எது வேணும்?" அவ்வளவுதான், தூங்கிக்கிட்டு இருந்த கெழவிங்க எல்லாம் எந்திரிச்சு உக்காந்துருச்சுங்க. அம்மாச்சி பொக்கை வாயோட, "கேட்டியா, கேட்டியா"ன்னு என் தொடைல அடிக்குது. ஒரு முக்கால் மணி நேரம் ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல. ஒரு பொம்பளப்புள்ள நெஞ்ச நிமித்தி ஊருக்கு முன்னாடி நின்னு ஒரு முனிவரோட கேள்விக்கு கேள்வி மடக்குற கதைய நம்ம ஊருங்க நூறு வருஷத்துக்கு மேல விடிய விடிய உக்காந்து பாத்திருக்கு. இத என் மக பாக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை, அவ மடில தூங்குறா, எழுப்பிப் பாத்தேன், கண்ணத் தொறந்து மூடிட்டா.

அப்ப சுத்தியும் பாத்தேன். பாய் எல்லாத்துலயும் புள்ளைங்க வரிசையா தூங்குதுங்க. முன்னாடி பாதி இடம் காலி. மேடைல இருக்கறவங்க தங்களோட உயிரக் குடுத்து பாடுறது நாப்பது அம்பது பெருசுகளுக்காக. புள்ளைங்கள அன்னிக்கே பழக்கலன்னா அந்தப் பெருசுகளுக்கு அப்புறம் யாரு பாக்குறது?

அதனால கமிட்டிகாரங்க யாராவது இதப் படிச்சா, ஒரு வேண்டுகோள். ஏழு மணிக்கு ஆரம்பிங்க. பபூனையும் டான்ஸையும் குறைக்க சொல்லல, அது அவங்க பொழப்பு, அவங்களும் படிச்சுத்தான் வந்திருக்காங்க. எட்டரைக்கு பரண் மேல வள்ளிய ஏத்திருங்க, பத்து மணிக்குள்ள தர்க்கம் முடிஞ்சிரும், புள்ளைங்க பாத்துட்டு தூங்கட்டும், அதுக்கப்புறம் மத்தத வச்சுக்கலாம். ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் மைக்குக்கு 2000ம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி கட்டுப்பாடு வேற இருக்கு, பர்மிஷனுக்கு வருஷா வருஷம் நாயா அலையறீங்க, சீக்கிரம் ஆரம்பிச்சா அந்த அலைச்சலும் கொஞ்சம் குறையும். மாமாகிட்ட சொன்னேன். "விடிய விடிய நடந்தாத்தான்த்தா நாடகம்"னார். மைக்கே இல்லாத காலத்துல கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் முருகனும் வள்ளியுமா நின்னு கடைசி வரிசை வரைக்கும் கேக்கப் பாடுனாங்களே மாமா, அப்ப கூட்டம் கடைசி வரைக்கும் உக்காந்திருந்துச்சு, இப்ப இல்லையேன்னேன். பதில் சொல்லல, ஆனா யோசிச்சாரு, அவர் யோசிக்கிறப்ப துண்ட எடுத்து மறு தோள்ல போடுவாரு, போட்டாரு. அடுத்த வருஷம் கூட்டத்துல பேசிப் பாக்குறேன்னிருக்காரு, நான் விடப்போறதில்ல.

நாடகம் அஞ்சு மணிக்கு மேலதான் முடிஞ்சுது. வேடனா வந்து, வேங்கை மரமா நின்னு, கெழவனா தள்ளாடி, யானைய விட்டு மிரட்டி, ஒருவழியா முருகன் வள்ளி கழுத்துல மாலை போடுறப்ப கோழி கூவிருச்சு. மங்களம் பாடி முடிச்சாங்க. பெரியவன் ஒரு நிமிஷம் கண்ணு மூடல.

எங்களுக்கு ஆறேகால் பஸ். பாப்பா எந்திரிச்சதுல இருந்து ஒரே அழுகை, கல்யாணத்த பாக்கலன்னு. பஸ் ஸ்டாப்ல வேப்பமரத்தடில ஒரு அக்கா நைலக்ஸ் சேலைல, கால்கிட்ட பெரிய பேக்க வச்சுக்கிட்டு டீ குடிச்சுக்கிட்டு நின்னாங்க. காதோரமும் கழுத்துலயும் அரிதாரம் முழுசா போகல, தேங்கா எண்ணெ மினுமினுக்குது. எனக்கு பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, பாப்பாவுக்கு தெரியல. அக்கா, நேத்து நீங்க ரொம்ப நல்லா பாடுனீங்கன்னு போய் சொன்னேன், தொண்டை கட்டியிருந்துச்சு அவங்களுக்கு, சிரிச்சு தலைய ஆட்டிட்டு, பாப்பா ஏன் அழுவுதுன்னு கேட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே தூங்கிட்டா, அதான்னேன். அந்தக் குரலக் கேட்டதும் பாப்பாவுக்கு பிடிபட்டுருச்சு. அழுகைய நிறுத்திட்டு அவங்க முகத்தையே உத்துப் பாத்துட்டு கேட்டா,

"உங்களுக்கு கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு பாப்பா. இன்னிக்கு நைட்டு மேலூர் பக்கத்துல திருப்பியும் ஆகப்போகுது, வர்றியா?"

பாப்பா என்னை நிமிந்து பாத்தா. மதுரை பஸ் வந்துருச்சு, அந்த அக்கா பேக்கத் தூக்கிக்கிட்டு முன்பக்கமா ஏறுனாங்க.