சித்தப்பா தோட்டத்து மல்லி எங்க தெருவுக்கு வந்து சேர்ற வரைக்கும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுக்குல பூக்கட்டி விக்கிற அக்காகிட்ட ரெண்டு மொழம் மல்லி வாங்கும்போது, காலைல நம்ம சித்தப்பா போட்ட பூவாக் கூட இருக்கலாமேன்னு தோணுச்சு, அதுலருந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, எழுதிருவோம்னு உக்காந்துட்டேன்.

சித்தப்பாவுக்கு திருமங்கலத்துலருந்து உசிலம்பட்டி போற வழியில 40 சென்ட் மல்லி இருக்கு. நாத்து ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல வாங்கிட்டு வந்து வச்சது, மதுரை மல்லிக்கு நாத்து அங்கிருந்துதான் நெறைய வரும். வெள்ளன மூணரை மணிக்கு சித்தியும் கூட ரெண்டு பேரும் தலையில லைட்டக் கட்டிக்கிட்டு எறங்கிருவாங்க. இன்னைக்கு மலரப் போற மொட்டு வெள்ளையாத் திரண்டு நிக்கும், நாளைக்கு உள்ளது லேசா பச்ச ஓடிக் கெடக்கும், அந்த இருட்டுல சித்தி விரல வச்சே பிரிச்சு எடுக்கும். வெயில் ஏற ஏற மொட்டு எடை கொறையும், சாயங்காலம் விரிஞ்சிரும், விரிஞ்ச பூவ எவனும் வாங்க மாட்டான். அதனால பையக் கட்டி டூவீலர்ல வச்சு விடியுறதுக்குள்ள மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஓடணும்.

சித்திரையில ஒரு நாள் நானும் கூடப் போனேன். முகூர்த்த நாள். 11 கிலோ இருந்துச்சு. கமிஷன் கடையில எடை போட்டாங்க, எடைய மட்டும் ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தாங்க, வெலை எழுதல. என்ன வெலைன்னு கேட்டேன், பெறகு சொல்லுவாங்கடா தம்பின்னு சித்தப்பா என் கையப் புடிச்சு இழுத்தாரு. பக்கத்துக் கடையில அன்னைக்கு கிலோ 600 ரூவா போச்சு, நான் காதால கேட்டேன். சித்தப்பாவுக்கு 450 தான் போட்டாங்க, அதுலயும் நூத்துக்கு 10 ரூவா கமிஷன் போக மிச்சம். ஏன் சித்தப்பா, நாளைக்கு அங்கிட்டு கொண்டு போய் போடலாமேன்னேன். அட்வான்ஸ் 30,000 வாங்கிருக்கேன், கடைய மாத்துனா இன்னைக்கே மொத்தத்தயும் எடுத்து வைன்னுவாங்கன்னாரு.

அந்த அட்வான்ஸத் திட்டவும் எனக்கு மனசு வரல, ஏன்னா சித்திக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் அப்ப ராத்திரி போன் போட்டதும் பணம் குடுத்தது அந்தக் கடைக்காரர்தான், பத்திரம் கேக்கல, வட்டியும் கேக்கல. ஆனா வட்டிய பூவுலதானே எடுக்குறாங்க, அதுவும் தினமும். யாவாரி நடுவுல நிக்கிறது எனக்குத் தப்பாத் தெரியல. எடை போடுற நேரத்துலயே வெலையவும் எழுதிக் குடுக்காததுதான் தப்பு. அத மட்டும் சரி பண்ணுனாலே பாதிப் பிரச்சனை தீரும்னு நான் உறுதியா நம்புறேன்.

நேரடியா வித்தா என்னன்னு கேப்பீங்க. காய்க்கு அது நடக்குது, தமிழ்நாட்டுலயே மொத உழவர் சந்தை 1999 நவம்பர் 14ல நம்ம மதுரை அண்ணா நகர்லதான் ஆரம்பிச்சாங்க, அங்க வெலை போர்டுலயே எழுதிருக்கும், கமிஷன் கெடையாது. கத்திரிக்கா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். மல்லிய 11 கிலோவயும் நூறு நூறு கிராமா வித்து எப்ப முடிக்கிறது, யாரு கட்டுறது? வீட்டுல வச்சுக் கட்டுற ஆளு இப்ப எத்தன பேரு இருக்காங்க?

கட்டுறது தெருமுக்கு அக்கா மாதிரி ஆளுங்கதான். அவுங்க அரைக் கிலோ வாங்கிட்டு வந்து, வாழநார நனைச்சு மடியில போட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு மொட்டா வச்சு ஒரு சுத்து, ஒரு இழுப்பு, மறுபடி வச்சு மறுபடி இழுப்பு, பேசிக்கிட்டே கட்டுனாலும் ஒரு மொட்டு கூட ஒடியாது. வித்தது போக மிஞ்சுனா என்னக்கா பண்ணுவீங்கன்னு கேட்டேன். மிஞ்சுனது என் கணக்குதான் தம்பி, சாமிக்குப் போட்டுட்டுப் போயிருவேன்னாங்க. ஆக மழை, பனி, பூச்சி எல்லாம் சித்தப்பா கணக்கு, வாடிப் போனது அக்கா கணக்கு, நடுவுல உள்ளவங்களுக்கு பூ 200க்கு வித்தாலும் 2,000க்கு வித்தாலும் கமிஷன் வந்துரும். 2013ல மதுரை மல்லிக்கு புவிசார் குறியீடு கெடைச்சப்ப ஊரே சந்தோஷப்பட்டோம், நானும்தான். அந்தப் பேருக்குன்னு எடை போடுற எடத்துல ஒரு ரூவா சேத்துக் குடுத்து நான் இன்னும் பாக்கல.

பனி எறங்குனா மொட்டு கொறஞ்சிரும், அதனாலதான் பொங்கல் சமயத்துல கிலோ மூவாயிரத்தக் கூடத் தாண்டுது, ஆனா அப்ப சித்தப்பா செடியில காக்கிலோ தேறுனா பெரிசு. இந்த வருஷம் புரட்டாசி கடைசிலயே பாதிச் செடிய கவாத்து வெட்டி, அதான் புதுத் துளிர் வர கெளைய வெட்டி விட்டு, ஒரம் வச்சுட்டாரு. தையில நாலஞ்சு கிலோ எடுத்துட்டா அட்வான்ஸ்ல பாக்கி இருக்குற 8,000த்தயும் அடைச்சிரலாம்ங்குறாரு. நேத்து போய்ப் பாத்தேன், கவாத்து வெட்டுன எடத்துல துளிர் வந்துருக்கு.