பட்டியலில் பெயர் வராதவர்கள்

2023 ஜூன் கடைசியில் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் முதற்கட்டப் பெயர்ப்பட்டியல் வந்தபோது, இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தில் உதவிப் பிரதேச செயலாளராக இருந்தேன். எந்தச் செயலகம் என்று எழுதப் போவதில்லை. அந்த நாட்களில் நாட்டின் பல செயலகங்களின் வாசலில் இப்படித்தான் சனம் திரண்டு நின்றது. அதில் வடக்கு, தெற்கு என்ற வித்தியாசம் இருக்கவில்லை.

வறிய குடும்பங்களுக்கு அரசு அதுவரை கொடுத்துவந்த சமுர்த்தி உதவியின் இடத்துக்கு வந்த திட்டம் அது. 2022 பொருளாதார நெருக்கடிக்கும், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கடனுக்கு ஒப்புக்கொண்டதற்கும் பிறகு, உதவி தேவையானவர்களுக்கு மட்டுமே போகவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகியவற்றை வைத்து 22 குறிகாட்டிகள். தெரிவானவர்களில் அப்போது அதிவறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500, பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கு 5,000, இடைநிலையில் இருப்பவர்களுக்கு 2,500. எங்கள் கந்தோர்ப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் விவரங்களைப் போனில் பதிந்தார்கள். புள்ளி போட்டுத் தெரிவு செய்தது கொழும்பு. அச்செடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டியது நாங்கள். சனத்தின் கண்ணில் படுவது ஒட்டிய கைதானே.

வன்னிச் சனத்துக்குப் பட்டியல் என்பது புதிதல்ல. 2009இல் யுத்தம் முடிந்து மனிக்பாம் முகாமில் அடைபட்டு இருந்தபோது பட்டியல். மீள்குடியேற வந்தபோது தகரத்துக்கும் அரிசிக்கும் பட்டியல். வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளிப் பட்டியல். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக ஒவ்வோர் ஆணைக்குழுவுக்கும் ஒவ்வொரு பதிவு. எந்த அதிகாரியையும் விடப் பட்டியல் பார்க்கப் பழகியவர்கள் இவர்கள். ஒட்டியவுடன் தன் பெயரைத் தேடுவார்கள். அது இல்லையென்றால் அடுத்த வளவுக்காரரின் பெயரைத் தேடுவார்கள். கோபம் ஏறுவது இந்த இரண்டாவது தேடலில்தான்.

அன்று காலை எட்டரைக்கே கேற்றை வெளியிலிருந்து சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். சோளகக் காற்றில் கிரவல் புழுதி எழும்பி எல்லோருடைய தலையிலும் படிந்திருந்தது. பிரதேச செயலாளர் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டத்துக்குப் போயிருந்தார். பொறுப்பு என்னிடம். பொலிஸ் நிலையத்திலிருந்து போன் வந்தது, ஆட்களை அனுப்பவா என்று. வேண்டாம், தேவையென்றால் நானே சொல்கிறேன் என்றேன். இதைத் துணிச்சல் என்று யாரும் எடுக்கவேண்டாம். காக்கிச் சட்டை வந்து இறங்கினால் எங்கள் பக்கத்தில் கூட்டத்தின் குணம் ஒரு நிமிடத்தில் மாறும். அதுவரை அஸ்வெசுமவைப் பற்றி இருந்த சண்டை அதன் பிறகு வேறு எதைப் பற்றியோ ஆகிவிடும். அதை என்னால் திரும்பக் கொண்டுவர முடியாது.

எனக்கு வேலை பழக்கியவர், யுத்த காலத்திலும் வன்னியில் கடமை செய்த ஒரு பிரதேச செயலாளர். அவர் அடிக்கடி ஒன்று சொல்லுவார். "சனத்துக்கு முன்னால நிக்கேக்க பயத்தில வாக்குக் குடுத்திடாதை பிள்ளை. அண்டைக்குப் பத்திரமா வீட்டை போயிடுவாய். அடுத்த கிழமை கந்தோருக்கு வரேலாது." சைக்கிள் நிறுத்துமிடப் பக்கம் இருந்த சின்ன வழியால் வெளியே போகும்போது என் தலைக்குள் இருந்தது இது ஒன்றுதான். படியில் நின்று பேசவில்லை. ஒலிபெருக்கியும் எடுக்கவில்லை. அவர்கள் நின்ற மண்ணிலேயே போய் நின்றேன்.

முதல் ஐந்து நிமிடம் யார் என்ன கேட்கிறார்கள் என்றே விளங்கவில்லை. ஒரு ஓட்டோக்காரத் தம்பி போனைத் தூக்கிப் பிடித்து நேரலை போட்டுக்கொண்டிருந்தார். போன் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் சத்தம் கூடியது, அவருடைய பக்கம் திரும்பினால் குறைந்தது. இப்போதெல்லாம் கூட்டத்தில் பாதிப்பேர் எங்களோடு பேசுவதில்லை, போனோடுதான் பேசுகிறார்கள். அதனால் போனைப் பார்க்காமல், சத்தம் போடாமல் நின்ற ஓர் அம்மாவைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கோ அம்மா" என்றேன்.

அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் இல்லை, மகன் இல்லை. மகன் இல்லை என்றால் என்ன பொருள் என்று எங்கள் ஊரில் மேற்கொண்டு கேட்கமாட்டோம். பேரப்பிள்ளை ஒன்றை வளர்க்கிறார். பொலித்தீன் பையில் குடும்ப அட்டை, மின்சார பில், பழைய சமுர்த்தி அட்டை எல்லாம் வைத்திருந்தார்.

"கல்வீட்டில இருந்தாப் பசிக்காதோ மடம்?"

வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. வன்னியில் பாதை நெடுக நிற்கும் ஓட்டு வீடுகளில் பல அந்தத் திட்டத்தில் வந்தவைதான். வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டக் கட்டப் பகுதி பகுதியாகக் கொடுத்தார்கள். அது போதாமல் நகை அடகு வைத்து, நுண்கடன் எடுத்து முடித்தவர்கள் ஏராளம். அந்தக் கடனை இன்றும் கட்டுகிறார்கள். வீட்டு நிலையை வைத்துப் புள்ளி போடும் இடத்தில் கல் சுவரும் ஓடும் சீமெந்துத் தரையும் வசதியாகத்தான் தெரியும். அடுப்பு எரிகிறதா என்பது சுவரில் தெரியாது. அந்த அம்மாவின் கேள்வி, கணக்கெடுப்பு முறைக்கே வைத்த கேள்வி. கொள்கை வகுத்தவர்களிடம் கேட்டிருக்கவேண்டியது. கிடைத்தவள் நான்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர், "கணக்கெடுத்தவளை வெளியில விடுங்கோ, அவளைக் கேப்பம்" என்றார். அது ஒரு சொல்லில் பற்றிக்கொண்டது. கணக்கெடுத்தது எங்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர், அதே ஊர்ப் பெண். உள்ளே ஆவண அறையில் அழுதுகொண்டிருந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தன் சொந்தக்காரருக்கு மட்டும் போட்டுவிட்டாள் என்றார்கள். கேற்றை உலுக்கினார்கள். ஒரு தண்ணீர்ப் போத்தல் என் தோளைத் தட்டிக்கொண்டு போய் விழுந்தது. அன்றைக்கு உண்மையில் பயந்தது அந்த இடத்தில்தான்.

"அவ வரமாட்டா," என்றேன். "அவவை அனுப்பினது கந்தோர். கந்தோருக்கு இண்டைக்குப் பொறுப்பு நான். கேக்கிறதை என்னட்டைக் கேளுங்கோ."

கேட்டார்கள். இங்கே எழுத முடியாதவற்றையும் கேட்டார்கள். முடியுமட்டும் பேச விட்டேன். பிறகு சொன்னேன், பட்டியலை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை, பிரதேச செயலாளருக்கும் இல்லை, மாவட்டத்துக்குப் பொறுப்பான அரசாங்க அதிபருக்கும் இல்லை. "நான் பார்த்துச் செய்து தாறன்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் கலைந்திருப்பார்கள். வாய் நுனிவரை வந்தது. சொல்லாததால் சத்தம் இன்னும் கூடியது.

"அப்ப என்னத்துக்கு அந்தக் கதிரையில இருக்கிறியள்?" என்றார் ஓட்டோக்காரத் தம்பி. நியாயமான கேள்வி. பதினைந்து வருடம் அரச சேவையில் இருப்பவர் எவரும் இதைத் தன்னிடமே கேட்டிருப்பார்.

"நீங்கள் எழுதித் தாறதை வாங்கி, வாங்கினன் எண்டு கையெழுத்து வைக்க," என்றேன். யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்புத்தான், இருந்தாலும் சிரிப்பு.

மேன்முறையீட்டுக்கு ஜூலை 10 வரை காலம் கொடுக்கப்பட்டிருந்தது. பெயர் வராதவர் மேன்முறையீடு செய்யலாம், தகுதியில்லாதவருக்கு வந்திருக்கிறது என்று தோன்றினால் ஆட்சேபனை போடலாம். இணையத்திலும் செய்யலாம் என்றார்கள், ஆனால் அந்த அம்மாவுக்கு இணையம் என்னத்துக்கு உதவும்? மேசைகளை வெளியே வேப்பமரத்துக்குக் கீழ் போட்டு அங்கேயே எழுதலாம் என்றேன். சின்ன வழியால் மேசை வரவில்லை. சங்கிலியின் திறப்பு யாரிடம் என்று அந்த நேரம் யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தவர் சொல்லவில்லை. கடைசியில் எங்கள் ஊழியர்கள் உள்ளேயிருந்து தூக்கிக் கொடுக்க, அவர்கள் பூட்டிய கேற்றுக்கு மேலால் அவர்களே மேசையை வாங்கி இறக்கினார்கள். "மெல்ல, மெல்ல, கால் உடையப்போகுது" என்று அதட்டியவர் சற்று முன்னர் கேற்றை உலுக்கியவர்களில் ஒருவர்.

பின்னேரம் வரை எழுதினோம். ஒவ்வொருவருக்கும் பிரதியில் திகதி முத்திரை குத்திக் கொடுக்கச் சொன்னேன். அரச காரியத்தில் முத்திரை இல்லாத தாள் தொலைந்தால் கேட்பாரில்லை.

ஆட்சேபனைப் படிவத்தை மட்டும் அன்று ஒருவரும் தொடவில்லை. அவ்வளவு நேரமும் அடுத்த வளவுக்காரரைப் பற்றித்தான் கத்தினார்கள். அதையே எல்லோரும் பார்க்க எழுதிக் கையெழுத்து வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. நாளைக்குச் செத்தவீடு என்றால் அதே வளவுக்காரர்தானே பந்தல் போட வரவேண்டும். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராகத் தனியே வந்து, குரலைத் தாழ்த்தி, அந்தப் படிவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கொடுத்தோம். சிலர் வாங்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவரவேயில்லை.

கணக்கெடுத்த பெண் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அவளுடைய சொந்தத் தாயின் பெயரும் பட்டியலில் இல்லை. கூட்டத்துக்கு முன்னால் நான் இதைச் சொல்லியிருக்கலாமே என்று சக உத்தியோகத்தர்கள் கேட்டார்கள். சொல்லியிருந்தால் அவளுடைய வீட்டுக் கதை கேற்றடியில் வழக்காகியிருக்கும். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

மேன்முறையீட்டில் சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. பொலித்தீன் பையோடு வந்த அம்மாவுக்குப் பாதிக்கப்படக்கூடியவர் பிரிவில் 5,000 வந்தது. தனக்கு 8,500 வரவேண்டும் என்று அவர் இன்னொரு கடிதம் கொண்டுவந்தார். வாங்கி அனுப்பினோம்.

2024இல் இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பம் கோரியபோது ஓட்டோக்காரத் தம்பி திரும்ப வந்தார். தனக்காக அல்ல, தன் ஒழுங்கையில் இருந்த வயோதிபர்களின் படிவங்களைக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். முன்னலுவலகத்தில் இருந்த பிள்ளை படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு, போகலாம் என்றிருக்கிறாள். அவர் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் பிரதி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் திகதி முத்திரை வேண்டும் என்று நின்றார். வரிசை பின்னால் நீண்டு, சத்தம் என் அறை வரை கேட்டது. நான் எழுந்து போய், "எல்லாத்திலயும் குத்திக் குடு பிள்ளை" என்றேன்.