7-ஜிப் 24, 25 பதிப்புகள்: சுருக்குவதில் கொஞ்சம், விரிப்பதில் நிறைய

கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளை ஒருமுறை நிறுவிவிட்டால், அதன்பிறகு அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. திறக்கச் சொன்னால் திறக்கிறது, சுருக்கச் சொன்னால் சுருக்குகிறது. இதில் புதுப்பிக்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் மே 2024-ல் வெளியான 24.05 தொடங்கி ஆகஸ்ட் 2025-ல் வெளியான 25.01 வரை 7-ஜிப்பின் பதிப்புக் குறிப்புகளை வரிசையாகப் படித்த பிறகு, பழைய பதிப்பே போதும் என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியவில்லை. இந்த மாற்றங்களில் எவை அன்றாட வேலைக்கு உதவும், எவற்றுக்காகக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கும் பக்கம். நவம்பர் 2024-ல் வந்த 24.09 பதிப்பில், 7-ஜிப் வழக்கமாகப் பயன்படுத்தும் எல்இசட்எம்ஏ என்ற சுருக்கும் முறைக்கான அகராதி அளவு கூட்டப்பட்டது. தான் கடந்துவந்த தரவில் மென்பொருள் எவ்வளவு தூரம் திரும்பிப் பார்க்கலாம் என்பதற்கான எல்லையே இந்த அகராதி. ஆபிரகாம் லெம்பெலும் ஜேக்கப் ஸிவ்வும் 1977-ல் வெளியிட்ட வழிமுறைதான் இதற்கு அடிப்படை: ஒரு பைட்டுத் தொடர் ஏற்கெனவே வந்திருந்தால் அதை மறுபடி எழுத வேண்டியதில்லை, எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும், அங்கிருந்து எவ்வளவு நீளம் எடுக்க வேண்டும் என்று குறித்தால் போதும். ஜிப் கோப்புகளில் வழக்கமாகப் பயன்படும் டிஃப்ளேட் முறையில் இந்தத் தூரம் 32 கிலோபைட்டோடு முடிந்துவிடும். 7-ஜிப்பின் வழக்கமான சுருக்க மட்டமான நார்மலில் 16 மெகாபைட்டாக இருந்தது இப்போது 32 ஆகியிருக்கிறது. மிக அதிகமாகச் சுருக்கும் அல்ட்ரா மட்டத்தில், 64 பிட் பதிப்பில், 64 மெகாபைட்டாக இருந்தது 256 ஆகியிருக்கிறது.

இதன் பலன் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒரு கோப்புறையில் 20 மெகாபைட் அளவுள்ள தரவுத்தளக் கோப்பு ஒன்றும், அதையே மறுநாள் எடுத்த நகல் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே சில வரிகள்தான் வேறுபாடு. 7-ஜிப் இவற்றை அடுத்தடுத்து வைத்து ஒரே தொடராகச் சுருக்கும்போது, இரண்டாவது கோப்பின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒத்த பைட் ஏறத்தாழ 20 மெகாபைட்டுக்குப் பின்னால் இருக்கும். 16 மெகாபைட் எல்லைக்குள் பார்க்கும் பழைய நார்மல் மட்டத்துக்கு அது எட்டாது. ஆகவே இரண்டாவது கோப்பை அது புதிய தரவாகவே எடுத்துக்கொண்டு முழுதாகச் சுருக்கும். 32 மெகாபைட் எல்லைக்குள் பார்க்கும் புதிய மட்டத்துக்கு எட்டும். இரண்டாவது கோப்பு ஏறக்குறைய இடமே எடுக்காது. தினசரி பேக்கப்புகள், மூல நிரல்களின் பல பதிப்புகள், பெரிய லாக் கோப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பவர்களுக்கு எந்த அமைப்பையும் மாற்றாமலே கிடைக்கும் ஆதாயம் இது. புகைப்படங்கள், காணொளிகள், பாடல்கள் போன்றவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால், அவற்றில் அகராதியை எவ்வளவு கூட்டினாலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறாது.

ஆதாயத்துக்கு ஈடாக நினைவகத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சுருக்கும்போது அகராதி அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேல் நினைவகம் தேவைப்படும். விரிக்கும்போது அகராதியின் அளவோடு சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். எனவே அல்ட்ராவில் சுருக்கிய ஒரு பெரிய கோப்பைப் பிரிக்க, பெறுபவரின் கணினியில் 256 மெகாபைட்டுக்குச் சற்று மேல் நினைவகம் காலியாக இருக்க வேண்டும். மேசைக் கணினிக்கு இது ஒரு பொருட்டல்ல. ரௌட்டர்கள், சிறு பலகைக் கணினிகள், பழைய கைபேசிகள் ஆகியவற்றுக்கு அனுப்புவதாக இருந்தால் அகராதி அளவைக் கையால் குறைத்துக்கொள்வது நல்லது. சுருக்கப்படும் தரவே சிறியதாக இருந்தால் அகராதியும் அதற்கேற்ப தானாகவே குறைந்துவிடும் என்பதால், சில மெகாபைட் அளவுள்ள கோப்புகளை அனுப்புபவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஜூலை 2025-ல் வந்த 25.00 பதிப்பில் வேகம் தொடர்பான சில மேம்பாடுகளும் உள்ளன. பிஜிப்2 முறையில் சுருக்கும் வேகம் 15 முதல் 40 விழுக்காடு வரையும், டிஃப்ளேட் முறையில் 1 முதல் 3 விழுக்காடு வரையும் கூடியிருப்பதாகப் பதிப்புக் குறிப்பு சொல்கிறது. விண்டோஸில் 64-க்கும் மேற்பட்ட திரெட்களை (செயலியில் இணையாக ஓடும் பணி இழைகளை) பயன்படுத்தும் வசதியும் அதில் சேர்ந்திருக்கிறது. பெரிய சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது தேவைப்படும்.

இனி விரிக்கும் பக்கம். 24.05 முதல் 7-ஜிப் இசட்-ஸ்டாண்டர்டு முறையில் சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கிறது. யான் கொலே உருவாக்கி, ஃபேஸ்புக் 2016-ல் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்ட இந்த முறை, இப்போது லினக்ஸ் உலகில் எங்கும் பரவியிருக்கிறது. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான ஆர்ச் லினக்ஸ் 2020-ன் தொடக்கத்தில் தன் மென்பொருள் தொகுப்புகளை இந்த முறைக்கு மாற்றியதை அறிவித்தபோது, தொகுப்புகளின் மொத்த அளவு சுமார் 0.8 விழுக்காடு கூடியதையும், விரிக்கும் வேகம் சுமார் 1300 விழுக்காடு உயர்ந்ததையும் குறிப்பிட்டிருந்தது. இவ்வளவு சிறிய விலைக்கு இவ்வளவு வேகம் கிடைக்கும்போது மற்றவர்களும் அந்த வழிக்கு வந்ததில் வியப்பில்லை. முன்பு அத்தகைய கோப்பு ஒன்று கைக்கு வந்தால் 7-ஜிப்பால் அதைப் பிரிக்க முடியாது; இப்போது அந்தச் சிரமம் இல்லை. ஆனால் 24.05-ல் வந்தது பிரிக்கும் வசதி மட்டுமே. அந்த முறையில் புதிதாகச் சுருக்கும் வசதி அதில் சேர்க்கப்படவில்லை.

இந்தப் புதிய வசதியோடு ஒரு புதிய ஓட்டையும் வந்தது. இசட்-ஸ்டாண்டர்டு தரவைப் படிக்கும் பகுதியில், வேண்டுமென்றே பிழையாக அமைத்த கோப்பு ஒன்றைக் கொடுத்தால் எண் கணக்கு தவறிப்போய் நினைவகம் கெடக்கூடிய வாய்ப்பு இருந்தது. அது ஜூன் 2024-ல் வந்த 24.07 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. புதிய வசதிக்காக 24.05-க்கு ஆர்வத்தோடு மாறிவிட்டு, அங்கேயே நின்றுவிட்டவர்களின் நிலைதான் மோசம்; அவர்களிடம் வசதியும் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இணையத்திலிருந்து வந்த கோப்புகளுக்கு விண்டோஸ் இடும் அடையாளத்தை 7-ஜிப் எப்படிக் கையாள்கிறது என்பது. உலாவி ஒரு கோப்பை இறக்கும்போது, அதன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு தரவு ஓடையில், அது எந்த மண்டலத்திலிருந்து வந்தது என்று எழுதிவைக்கிறது. அதில் மண்டல எண் 3 என்று இருந்தால் இணையம் என்று பொருள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் விண்டோஸ், அறியாத நிரலை இயக்கும் முன் எச்சரிக்கிறது. வேர்டு, எக்செல் கோப்புகள் பாதுகாப்பான பார்வையில் திறக்கின்றன. சுருக்கிய கோப்புக்குள் இருப்பவற்றுக்கும் இந்த அடையாளத்தைக் கடத்தும் வசதி 7-ஜிப்பில் 2022-ல் வந்த 22.00 பதிப்பில்தான் முதலில் சேர்ந்தது. அதுவரை, இறக்கிய கோப்பைப் பிரித்த அந்த நொடியே உள்ளிருந்தவை எல்லாம் நம் கணினியிலேயே பிறந்தவைபோல ஆகிவிட்டன.

அப்போதும் ஓர் இடைவெளி இருந்தது. சுருக்கிய கோப்புக்குள் இன்னொரு சுருக்கிய கோப்பை வைத்து, வெளிக்கோப்பைத் திறந்து, அதற்குள்ளேயே உள்கோப்பையும் திறந்தால், அடையாளம் கடைசிவரை போய்ச் சேரவில்லை. 24.09 இதைத்தான் சரிசெய்தது. 2024-ன் பிற்பகுதியில் உக்ரைனில் உள்ள அமைப்புகளைக் குறிவைத்து மின்னஞ்சல் வழியாக நடந்த தாக்குதல்களில் இந்த இடைவெளி பயன்படுத்தப்பட்டதை ட்ரெண்ட் மைக்ரோ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பின்னர் விரிவாக எழுதினார்கள். அகராதி அளவும் இந்தத் திருத்தமும் ஒரே பதிப்பில் வந்தவை. முதலாவது கண்ணில் படும், இரண்டாவது படாது.

இங்கே 7-ஜிப்பின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அடையாளத்தைக் கடத்தும் இந்த வசதி தானாக இயங்குவதில்லை. நாம்தான் இயக்க வேண்டும். 7-ஜிப் கோப்பு மேலாளரைத் திறந்து, கருவிகள் பட்டியலில் விருப்பங்களுக்குப் போய், 7-ஜிப் என்ற பிரிவில் மண்டல அடையாளம் பற்றிய தெரிவைப் பார்த்தால் 'இல்லை' என்றுதான் இருக்கும். அதை 'ஆம்' என்று மாற்றலாம். வேர்டு, எக்செல் போன்ற ஆபீஸ் கோப்புகளுக்கு மட்டும் என்ற தெரிவும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக ஒரு ஓடையை எழுத வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும், பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகமாட்டார்கள் என்னும்போது, பாதுகாப்பை முதலிலேயே இயக்கி வைத்துவிட்டு, வேகம் வேண்டுபவர்களை அணைத்துக்கொள்ளச் சொல்வதே முறை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

25.00, 25.01 ஆகிய இரண்டும் சிம்பாலிக் லிங்க்குகளை, அதாவது வேறோர் இடத்தைச் சுட்டிக்காட்டும் குறுக்குவழிகளை, கையாளும் விதத்தை இறுக்கியிருக்கின்றன. ஒரு சுருக்கிய கோப்பில் முதலில் ஒரு லிங்க்கை வைத்து, அது நாம் பிரிக்கும் கோப்புறைக்கு வெளியே வேறோர் இடத்தைக் காட்டும்படி செய்து, அடுத்து அந்த லிங்க்கின் வழியாகப் போகும் பாதையில் ஒரு கோப்பை வைத்தால், பிரிக்கும்போது அந்தக் கோப்பு நாம் நினைக்காத இடத்தில் போய் எழுதப்படும். லினக்ஸில் அது பயனரின் தொடக்க அமைப்புக் கோப்பாகவோ, உள்நுழைவுச் சாவிகள் இருக்கும் கோப்பாகவோ இருக்கலாம். விண்டோஸில் இத்தகைய லிங்க்கை உருவாக்க நிர்வாகி உரிமையோ டெவலப்பர் மோடோ வேண்டும் என்பதால் ஆபத்து ஓரளவு குறைவு. 25.01-ல் இந்தச் சோதனைகள் இயல்பாகவே இயங்குகின்றன. காரணம் தெரிந்து தவிர்க்க விரும்புபவர்களுக்குக் கட்டளை வரியில் தனித் தெரிவு தரப்பட்டிருக்கிறது. மண்டல அடையாளத்துக்கும் இதே அணுகுமுறையைக் கடைப்பிடித்திருக்கலாம்.

7-ஜிப்பில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இல்லை. புதிய பதிப்பு வந்திருப்பதை அது தெரிவிப்பதும் இல்லை. விண்டோஸில் உதவிப் பட்டியலில் 'பற்றி' என்ற இடத்தில் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு, அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நாமே இறக்கி நிறுவ வேண்டும். பழையதன் மேலேயே நிறுவலாம். அமைப்புகள் அப்படியே இருக்கும். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 7-ஜிப்பை உருவாக்கிய இகோர் பாவ்லோவ் லினக்ஸுக்கான அதிகாரப்பூர்வக் கட்டளை வரிப் பதிப்பை வெளியிடத் தொடங்கியது 2021-ல்தான். அதற்கு முன் வேறொருவர் பராமரித்துவந்த பி7ஜிப் என்ற வடிவமே புழக்கத்தில் இருந்தது. அதன் கடைசிப் பதிப்பான 16.02 வந்தது 2016-ல். டெர்மினலில் 7z என்ற கட்டளையை வெறுமனே இயக்கினால் முதல் வரியிலேயே பதிப்பு எண் தெரியும். அங்கே 16.02 என்று வந்தால், பி7ஜிப் தொகுப்பை நீக்கிவிட்டு, உங்கள் லினக்ஸ் வழங்கலில் 7-ஜிப் என்ற பெயரிலேயே கிடைக்கும் புதிய தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.