சிக்னலில் நின்றாலே ஆஃப் ஆகும் வண்டி: காரணத்தைக் கண்டுபிடித்த கதை

இருபது வயதை நெருங்கும் பெட்ரோல் கார், ஐந்து கியர் மேனுவல், திராட்டிலுக்கு (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) இன்னும் கேபிள்தான். ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சிக்னலுக்காக வேகத்தைக் குறைத்து, கிளட்சை மிதித்து நிறுத்துகிற அந்தக் கடைசி சில விநாடிகளில் ஆர்பிஎம் முள் 800-இல் நிற்காமல் 500, 400 என்று சரிந்து என்ஜின் அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும், அடுத்த சிக்னல் வரை நன்றாகப் போகும். எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம், ஏனென்றால் என்ஜின் அணைந்ததும் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்குக்கும் பூஸ்டரில் (என்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தைக் கொண்டு நம் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் டப்பா) மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரண்டு மிதிக்கு மேல் வராது.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிளக்குகள் மாற்றினேன், திராட்டில் பாடியைக் கழற்றிக் கரியைத் துடைத்தேன். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும், ஓரத்துச் சின்ன இடுக்கிலும் ஐடில் வால்வு வழியாகவும் வருகிற காற்றில்தான் என்ஜின் உயிரோடு இருக்கிறது, அங்கே கரி படிந்தால் மூச்சு முட்டும். அதனால் இதைச் செய்தது வீணில்லை. ஆனால் அது என்னைத் திசை திருப்பியும் விட்டது. சுத்தம் செய்ததும் ஐடில் 950 வரை ஏறியது, இரண்டு நாள் வண்டி அணையவே இல்லை, சரியாகிவிட்டது என்று நம்பினேன். என்ஜின் கம்ப்யூட்டர் புது அளவைப் பழகி ஐடிலைத் திரும்ப 800-க்கு இறக்கியதும் பழைய கதைதான்.

அடுத்து ஐடில் வால்வை மாற்றிவிடச் சொன்னார்கள். வாங்குவதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்தேன். வண்டியை நிறுத்தி ஐடிலில் விட்டு, ஹெட்லைட், ஏசி இரண்டையும் ஒன்றாகப் போட்டேன். முள் ஒரு கணம் இறங்கி உடனே மீண்டது. அப்படியானால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. வாங்கவில்லை.

அப்புறம்தான் ஒரு சின்ன நோட்டு வைத்து எழுத ஆரம்பித்தேன். அணைந்த ஒவ்வொரு முறையும், என்ஜின் சூடா குளிரா, ஏசி ஓடியதா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது, அந்த நேரத்தில் என் கால்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று. இந்தக் கடைசிக் கேள்வியை ஏன் சேர்த்தேன் என்று இப்போது நினைவில்லை, ஆனால் விடை அதில்தான் இருந்தது. மற்ற எல்லாம் மாறி மாறி வந்தன. பிரேக்கில் கால் இருந்தது மட்டும் ஒரு முறைகூட மாறவில்லை.

இதற்கிடையே செக் என்ஜின் விளக்கும் எரிந்தது. ஸ்கேனரை மாட்டினால் பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஃபியூயல் டிரிம்மைப் பார்த்தேன், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு; லாங் டெர்ம் என்பது நாள்பட அது பழகிய அளவு, ஷார்ட் டெர்ம் என்பது அந்த நொடித் திருத்தம். ஐடிலில் லாங் டெர்ம் +12, ஆனால் 2500 ஆர்பிஎம்மில் வெறும் +3. இது முக்கியமான வித்தியாசம். பெட்ரோல் பம்ப் பலவீனமாகியிருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ என்ஜின் அதிகம் கேட்கக் கேட்கக் குறை கூட வேண்டும். இங்கே நேர்மாறாக, வேகம் கூடினால் குறை மறைகிறது. ஏர் ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று எங்கோ ஓட்டை வழியாக உள்ளே போகிறது என்றுதான் அர்த்தம், ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது.

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தேடினேன். பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் புகையைத் திரும்ப உறிஞ்சும் குழாய்), மேனிஃபோல்டு கேஸ்கெட் (காற்றுக் குழாய் என்ஜினோடு சேரும் இடத்து அடைப்பு), கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு ரப்பர் குழாயும். என்ஜின் ஓட ஓட கிளீனரை ஸ்பிரே செய்து, எந்த இடத்தில் அதன் ஓட்டம் மாறுகிறது என்று பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது, தீப்பற்றக்கூடிய திரவம், பக்கத்தில் கொதிக்கும் சைலென்சர் குழாய், எனக்கு அதில் உடன்பாடில்லை. கையாலும் காதாலும் தேடியதில் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாது. ஏனென்றால் நான் முன்னால் குனிந்து நிற்கும்போது பிரேக்கை மிதிக்க யாரும் இல்லை! ஸ்கேனரும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது: லாங் டெர்ம் +12 என்று காட்டிய அதே நேரத்தில் ஷார்ட் டெர்ம் -9 காட்டியது. கம்ப்யூட்டர் முன்பு பழகிய குறை அந்த நிமிடம் இல்லை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அதைப் பார்த்தும் கவனிக்காமல் விட்டேன்.

நோட்டையும் இந்த எண்களையும் சேர்த்துப் பார்த்த அன்று, ஆளில்லாத மைதானத்துக்குப் போனேன். பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கால் மெதுவாக நிறுத்தினேன். பத்து முறையில் ஒரு முறைகூட அணையவில்லை. கால் பிரேக்கால் நிறுத்தியபோது பத்தில் நான்கு. பிறகு ஜன்னல்களை ஏற்றி, ஃபேனை அணைத்து, ஐடிலில் பெடலை அழுத்திப் பிடித்தேன். காலடியில் உஸ்ஸ் என்று சத்தம், விடாமல் வந்தது. ஷார்ட் டெர்ம் -9-இலிருந்து +12 வரை ஏறியது, என்ஜின் குலுங்கியது. பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸை ஒரு கிளாம்பால் நெரித்துவிட்டு மறுபடி அழுத்தினேன் (வண்டி அசையாமல் நிற்கும்போது மட்டும், இப்படி வைத்து ஓட்டவே கூடாது, பிரேக் கல்லாகிவிடும்). முள் அசையவில்லை. பூஸ்டருக்குள் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது.

பிரேக் விஷயத்தில் நானே கை வைக்க விரும்பவில்லை, மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பிரேக் ஆயில் குறையுதா சார்?" குறைந்தது. ஆறு மாதத்தில் இரண்டு முறை ஊற்றியிருந்தேன், வெளியே எங்கும் ஒழுகல் இல்லாததால் பேட் தேய்ந்த கணக்கு என்று எடுத்துக்கொண்டேன். பெடல் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்கு மாற்றும், பூஸ்டரோடு ஒட்டியிருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றி முன்னால் இழுத்ததும் பின்பக்கம் நனைந்திருந்தது. பின் சீல் போய், ஆயில் பூஸ்டருக்குள் இறங்கி, அங்கிருந்த ரப்பரை ஊற வைத்துக் கெடுத்திருக்கிறது. பூஸ்டரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் இதே வழியில் போயிருக்கும் என்றார். இரண்டையும் மாற்றி, நான்கு சக்கரத்திலும் பிரேக் குழாய்க்குள் புகுந்த ஏரை எடுத்துக் கொடுத்தார்.

ஸ்கேனரால் அந்தப் பி0171 பிழைக் குறியீட்டை அழித்து இரண்டு வாரம் ஓட்டிவிட்டேன். பெடலை மிதித்தால் முள் ஒரு மயிரிழை இறங்கி 800-க்கே வருகிறது, லாங் டெர்ம் +2-இல் நிற்கிறது. பிரேக் ஆயில் டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், இன்று காலை பார்த்தபோதும் ஆயில் அந்தக் கோட்டில்தான் இருந்தது.